நாலாவது கூடாரம்

திருப்பூரில் எனக்கு நிறம் பார்க்கிற வேலை.
பதினோரு வருஷமாய்ச் சாயப்பட்டறை லேபில்
துணி நறுக்கையும் அட்டையையும் விளக்கடியில் வைத்து
இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் என்று சொல்பவன்.
அணைத் தண்ணீரைப் பார்த்ததும்
மனசு தானாக எண் தேடியது.
அகப்படவில்லை.

சிறுமுகை தாண்டி, வாழைத் தோட்டங்கள் முடிந்து,
தார் ரோடும் முடிந்து,
பவானிசாகர் தன் கடைசித் தண்ணீரை
மண்ணுக்குள் நீட்டிப் பார்க்கிற இடத்தில்
மாதேசன் குடும்பத்தின் மீன்பிடி முகாம்.
ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பரிசல், ஐஸ் பெட்டி,
'யானை வந்தால் டார்ச் அடிக்கக் கூடாது' என்று
பிளஸ் ஒன் படிக்கும் மௌனிகா
சாக்பீசில் எழுதிய பலகை.
கூடாரங்களுக்கு எண்:
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.
நாலை நான் கேட்கவில்லை.
எனக்கு ஐந்து. கொட்டகையை ஒட்டியது.

"ஒறம்பரையாட்ட நெனச்சுக்கங்க" என்றார் சாந்தாமணி,
முன்பணத்தை இரண்டு தரம் எண்ணியபடி.

முதல் நாள் விரல் நீளத்தில் ஒரு கெண்டை,
என்னைப் பார்த்துப் பாவப்பட்டு வந்தது போல.
இரண்டாம் நாள் அதுவும் இல்லை.
தவிட்டு உருண்டை கரைந்தது, மண்புழு தீர்ந்தது.
ஒற்றைத் துடுப்பில் பரிசலைத் திருப்பிக்கொண்டே
மாதேசன் சொன்னார்,
"மீனு அங்கதானுங்க இருக்குது.
அதுக்கும் நம்மளப் புடிக்கோணுமல்லங்க."

ராத்திரி, தகரத்துக்கு அந்தப் பக்கம் கணக்கு.
ஐஸ், குத்தகை, பரிசலுக்குப் பூசுகிற தார், ஸ்கூல் ஃபீஸ்.
எதில் தொடங்கினாலும்
போன ஆடி மாதத்தில் போய் நின்றது.

"ஏம்புள்ள, கவுத்தக் கட்டுனியா இல்லியா?"
"கட்டுனனுங்க."
"கட்டியிருந்தா எப்படிப் போகும்?"
"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்."
"பறந்தது அம்மியில்ல. பன்னெண்டாயிரம்."

அப்புறம் தவளைகள் மட்டும்.
கட்டில் கிறீச்சிட்டால்
நான் விழித்திருப்பது தெரிந்துவிடும் என்று
புரளாமல் கிடந்தேன்.
ஒறம்பரை.

மூன்றாம் நாள், வெயில் ஏறுமுன்
தூண்டில் வளைந்தது.
பரிசல் அரைச்சுற்றுச் சுற்றியது.
"கட்லாங்க! பெருசு! விட்றாதீங்க!"
மாதேசன் துடுப்பை எறிந்துவிட்டு என் இடுப்பைப் பிடித்தார்.
துள்ளவில்லை அது. முரண்டவும் இல்லை.
ஒரு பெரிய சம்மதம் போல, மெதுவாக
மேலே வந்தது நீலம்.

எட்டு மாசம் அடியில் கிடந்து
பாசியும் சேறும் வாங்கிக்கொண்ட தார்ப்பாய்.
எந்த அட்டையிலும் இல்லாத நீலம்.

கரையில் விரித்தோம்.
மடிப்பிலிருந்து ஒரு நண்டு கோபமாய் வெளியேறியது.
மௌனிகா சிரித்துச் சிரித்து
மீன் தராசில் மாட்டினாள்:
நனைந்தபடி பதினாலு கிலோ.
நோட்டில் என் பெயர், தேதி,
மீன் வகை என்ற கட்டத்தில் 'நாலு'.

சாந்தாமணி சிரிக்கவில்லை.
நேரே மூலைக்குப் போனார்.
வளையத்தில் முடிச்சு அப்படியே இருந்தது,
ஆட்டுக்குப் போடுகிற இரட்டை முடிச்சு,
கல்லாய் இறுகி.
கயிற்றைக் கை கையாய் இழுத்தார்.
மறுமுனையிலும் முடிச்சு.
அதற்குள் துருவேறிய இரும்பு முளை.

கயிறு அறவில்லை. முடிச்சு அவிழவில்லை.
பிடுங்கிக்கொண்டு வந்தது முளைதான்.
முளை அடித்தது யாரென்று
அங்கே யாரும் கேட்கவில்லை.
அவர் அதைக் கொண்டுபோய்
மாதேசன் காலடியில் வைத்துவிட்டு
உலை வைக்கப் போனார்.

சாயங்காலம் வரைக்கும் அந்த மனுஷன்
சோப்புத்தூளும் தேங்காய் நாருமாய்க்
குந்தி உட்கார்ந்து தேய்த்தார்.
உதவப் போன என்னை வேண்டாமென்றார்.

அன்றைக்குத் தகரத்துக்கு அப்பால் கணக்கில்லை.
வெகு நேரம் கழித்து,
"ஏனுங், தூங்கிட்டீங்களா?"
"இல்ல."
"இந்தத் தரம் மொளைய நானே அடிக்கறன்."
ஒரு செருமல். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

விடியக் கருக்கலில் சம்மட்டிச் சத்தம்.
என் கட்டில்கால் வரை அதிர்ந்தது.
படுத்தபடியே எண்ணினேன்,
இருபத்தொன்றில் விட்டுவிட்டேன்.
பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோதும்
சாந்தாமணி அடித்துக்கொண்டிருந்தார்.