சொல்லுக்கு இருபது காசு

மலாக்கா கண்காட்சிக்குப் பதினேழு பலகைகள்.
டச்சுக்காரர் வரலாறு, ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு.
சொல்லுக்கு இருபது காசு.
எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சொல்லைத் தவிர.
அது வரும் நாற்பத்தோரு இடத்திலும்
கோடு போட்டு வைத்துவிட்டு
மூன்று நாளாய் லெபோ கிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
துணிக்கடை மாடி ஜன்னலிலிருந்து.

ஸ்டாட்ஹவுடர்.
அரசன் என்று எழுத முடியாது.
ஆளுநர் என்றால் அனுப்பியவன் ஒருவன் வேண்டும்.
அனுப்பிய அரசனை
1581-லேயே வேண்டாமென்று எழுதித் தள்ளிவிட்டார்கள்.
அவனுக்குப் பதிலாக நின்றவன் மட்டும் நின்றான்,
படையோடு, முத்திரையோடு.

செருப்பு சிம்மாசனம் ஏறிய கதை நமக்குத் தெரியும்.
அதில் செருப்புக்கு உரியவர் திரும்பி வந்தார்.
இவர்கள்
உரியவரைத் துரத்திவிட்டுச்
செருப்பை வைத்துக்கொண்டார்கள்.

கீழே, பணமாற்றுக் கடை வாசலில்,
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
பிளந்த ஒரு கால் கம்பியால் கட்டியிருக்கும்.
செய்யது பாவாவின் புரோட்டோன் சாகாவுக்கு
இடம் பிடிக்க வந்தது.
பாவா போன நோன்பில் மவுத்தாகிவிட்டார்.
காரை மகன் ஈப்போவில் விற்றுவிட்டான்.
ஆனாலும் எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கியதும்
கமர்தீனின் முதல் வேலை
நாற்காலியைத் தெருவில் வைப்பது.
ஏன் என்று அவனும் கேட்கவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

ஒருநாள் பிஸ்கட் வேன் வந்து நின்றது.
ஓட்டுநர் நாற்காலியைப் பார்த்தான்.
பிறகு கமர்தீனைப் பார்த்தான்.
கமர்தீன் கொஞ்சம் யோசித்தான்.
அந்த யோசனையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பூக்கடை அஞ்சுகம் வெள்ளிக்கிழமைகளைக் கேட்டாள்.
சாமான் கடை கெங் திங்கட்கிழமை வேண்டுமென்றார்.
சண்டை வேண்டாமென்று கடைக்காரர்கள் கூடி
நாளுக்கு இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள்.
ஒரு பெயருக்கு அவன் டிக் போடுவான்.
(பன்னிரண்டாம் பலகை, இரண்டாம் பத்தி:
பல நகரங்கள் பதவிகளுக்கு
இரட்டைப் பட்டியல் அனுப்பின;
இளவரசர் அதில் பாதியைத் தேர்ந்தார்.
மொழிபெயர்க்கும்போது சிரித்துவிட்டேன்.)
கமர்தீனின் கோப்பி இலவசமானது.
நடையும் மாறியது.
அவன் மச்சானின் மோட்டார் சைக்கிளுக்கு
எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை.

மாநகராட்சி லாரி வந்த அன்று
இரண்டு பேர் இறங்கினார்கள்,
நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.
கமர்தீன் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டான்.
பதினைந்தாம் பலகையில்
இளவரசர் மீன்படகேறி இங்கிலாந்து போகிறார்.
போன இடத்திலிருந்து கடிதம் எழுதுகிறார்:
கோட்டைகளில் ஆங்கிலேயரை அனுமதியுங்கள்.
இருக்கை போனபின் போட்ட கையெழுத்து.
அந்த ஆண்டே மலாக்கா கைமாறியது.

முதல் நாள் தெருவுக்கே கல்யாணக் களை.
மூன்றாம் நாள் வேனும் வேனும் முட்டிக்கொண்டன.
ஒன்பதாம் நாள் அஞ்சுகத்தின் சாமந்திக் கூடை
டயருக்கடியில்.
பத்தாம் நாள் ஒரு மைலோ டின் கடை கடையாய் வந்தது,
புது நாற்காலிக்கு.
யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.
நானும் இரண்டு வெள்ளி போட்டேன்.
பத்துச் சொற்கள்.

இது நீலம். கைப்பிடி வைத்தது.
கடைசிப் பலகையில், 1813-இல்,
தகப்பன் படகேறிய அதே கரையில் மகன் இறங்குகிறார்.
இனிமேல் யாருக்கும் பதிலாள் இல்லை,
இறையாண்மை இளவரசர்.
கீழே கமர்தீன்
முதல்முறையாக அதில் உட்கார்ந்திருந்தான்.

மேலிருந்து கேட்டேன்:
"தம்பி, உன்னை என்னன்னு சொல்றது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.
எழுந்திருக்கவில்லை.
"சும்மாதான்க்கா.
பாவாவுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

அவனுக்குப் பின்னால் ஒரு லாரி
ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தது.