ஒரு கப் கப்ப

களியக்காவிளையில் பேக்கரிக்கு மேல் மாடி.
பப்ஸ் வேகும் வாசனையில் உட்கார்ந்து
சிறுநீரகம் பழுதானவர்களும் சர்க்கரைக்காரர்களும்
எதைத் தின்னக்கூடாதென்று
ஒரு செயலி வரைந்துகொண்டிருந்தேன்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.

காசு கொடுத்து வாங்கிய உணவுப் பட்டியலில்
குயினோவா இருந்தது, மரச்சீனி இல்லை.
சேர்த்தேன். அளவு கேட்டது: கப்.
கிழங்குக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் பெயரே கப்ப.
'ஒரு கப் கப்ப' என்று திரை காட்ட
ரப்பர் வெட்டும் வில்பிரட்
சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.
கப்பை எடுத்துவிட்டுத் தவி என்று போட்டேன்.
எந்த வீட்டுத் தவி என்று கேட்டாள் ரசலம்.

வில்பிரட்டுக்குக் காலை உணவு
எட்டு மணிக்கென்று வைத்திருந்தேன்.
இரண்டரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
முந்நூறு மரம் வெட்டியவனுக்கு
எட்டு மணி என்பது மத்தியானம்.
அலாரம் அடிக்கையில் அவன்
சிரட்டை சிரட்டையாய்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தான்.
"கையெல்லாம் ஒட்டுப்பாலு.
இதுக்க வாயை நான் எப்பிடிப் பொத்த?"

ரசலம்தான் என் சிறந்த பயனாளி.
வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் பாறசாலை போய்
நாலு மணிநேரம் இரத்தம் கழுவி வருபவள்.
நாற்பது நாள், ஒன்றுகூடத் தவறாத பதிவு.
இரண்டு இட்லி. தேங்காயில்லாச் சட்னி.
ஒரு தவி சோறு. வெள்ளரிக்காய்.
நாற்பதும் பச்சை.
பணம் போட வந்தவர்களுக்கு
அந்தத் திரையைத்தான் பெரிதாக்கிக் காட்டினேன்.

நர்ஸ் பிந்து கூப்பிட்டாள்.
"பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு.
நெஞ்சு நின்னு போவும், கேட்டோ."

போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன்.
குழாயில் அவள் இரத்தம்
வெளியே போய் வந்துகொண்டிருந்தது.
என்னிடம் கேள்வித்தாள் இருந்தது, பதினான்கு கேள்வி.
ஒன்றையும் கேட்கவில்லை.

"சார்ஜாவுல உள்ள பயலுக்கு
இதுல்லா காட்டிக்கொடுத்தது.
ஒருநா செவப்பு வந்து. ராத்திரி விளிச்சு
அழுதான் மக்களே. ஏசினா சகிப்பேன்.
பிறவு செவப்பு வரப்பிடாதுண்ணு
அந்த முதநாள் சாப்பாட்டயே
தெனமும் அமுக்கிக்கிட்டேன்."

'நேற்றையதையே சேர்.'
நான் வைத்த பொத்தான். வசதிக்காக.
'குடும்பத்துடன் பகிர்.'
அதுவும் நான்தான். அதற்கொரு
சின்னப் பறவைகூட வரைந்திருந்தேன்.

அன்றிரவு கீழே அடுப்பு ஆறும்வரை அழித்தேன்.
சிவப்பை. பறவையை.
நாள் தவறாதவர்களுக்குத் தரும் கோப்பையை.
எங்கெல்லாம் வெட்கத்தை வரைந்திருக்கிறேன் என்று தேடினால்
ஒரு மூலை பாக்கியில்லை.
மிஞ்சியது ஒரு மைக்.
தின்றதைச் சொல்லலாம், கேட்பது பிந்து மட்டும்.
பணம் போட வந்தவர்கள்
இப்போது போனை எடுப்பதில்லை.

வில்பிரட் மைக்கில் தினமும் பேசுகிறான்,
பெரும்பாலும் ரப்பர் விலை.
ரசலம் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு.
ஓட்டில் மழை விழும் சத்தம், கூடவே அவள் குரல்,
மொத்தம் பதினேழு நொடி:
"கெழங்கு அவிச்சேன்.
தண்ணிய ரெண்டு மட்டம் ஊத்திக் களஞ்சேன்.
சாளைக்கறி.
ரெண்டு துண்டு."
கொஞ்ச நேரம் மழை மட்டும்.
"மூணு."

திங்கள் காலை பிந்து அதைக் கேட்டாள்.
டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து
இயந்திரத்தில் அரைமணி கூட்டினாள்.
அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை.

ரசலம் கையை நீட்டினாள்,
ஊசி ஏறும்போது முகத்தைச் சன்னலுக்குத் திருப்பி
"நாலு" என்றாள்.