மிதமான உறைபனி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
எங்களுக்கு ஆடி என்றால் ஜூலைக் குளிர்.
மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் ஞாயிற்றுக்கிழமை,
ஸ்வெட்டரோடு அண்டாவைச் சுற்றி நிற்கிறவர்களை விட்டு
நாலரை மணிக்கே
பீட்டர்மாரிட்ஸ்பர்க் விமானத்தளம் போய் எழுதினேன்:
டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு மேல்
ஏழாயிரம் அடி தாண்டினால் மிதமான உறைபனி.

மோர்கன் கோவெண்டர் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.
நாலு தலைமுறைக்கு முன்
பதிவேட்டில் யாரோ முருகனை மோர்கனாக்கிய வீட்டுப் பிள்ளை.
ஒற்றை இஞ்சின். பெத்லஹேமுக்கு
டயாலிசிஸ் பெட்டிகள் ஆறு.
சமோசாவைத் தின்றபடியே படித்தார்,
தாளை நாலாக மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகினார்.
"மிதமா, லோஷினி? நேற்றும் இதைத்தானே சொன்னாய்."

நேற்றும் அதைத்தான். முந்தாநாளும்.
மே மாதத்தில் ஒருநாள் 'கடுமை' என்று எழுதினேன்.
எட்டு விமானங்கள் நின்றன,
வானம் துடைத்துவைத்த தட்டாகக் கிடந்தது.
மேலாளர் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.
அதன்பின் எந்த மேகம் வந்தாலும்
மிதம் என்ற குடைக்குள் நின்றுகொண்டேன்.

அந்தச் சொல்லுக்குள் நாற்பத்தொரு முறை புகுந்து
நாற்பத்தொரு முறையும் இறங்கியவர் அவர்.
சக்கரம் தரை தொடும்போதெல்லாம்
என் அறிக்கையில் ஓர் எழுத்து அழிந்தது.

இறக்கையில் படிந்தது எவ்வளவு என்கிறீர்கள்?
உப்புத்தாள் கனம்.
எடைகூட இல்லை, வெறும் சொரசொரப்பு.

விசாரணை ஹாரிஸ்மித்தில், வியாழன் ஒன்பது மணிக்கு.
கேள்விகளை முன்னமே அனுப்பியிருந்தார்கள்.
எச்சரிக்கை தரப்பட்டதா? ஆம்.
பெறப்பட்டதா? ஆம்.
படிக்கப்பட்டதா?
மேசைக்காலடியில் கிடைத்த தாளில் எண்ணெய்க் கறை. ஆம்.
அதற்கு மேல் கட்டங்கள் இல்லை.

வான் ரீனன் கணவாயின் அடிவாரத்தில்
மஞ்சள் பலகை ஒன்று மின்னி மின்னிச் சொன்னது:
பனிப்பொழிவு. பயணம் தவிர்க்கவும்.
அதை அனுப்பியவள் என் பக்கத்து மேசை நொக்வாண்டா.
விளையாட்டுக்கு எழுதுகிறவள் இல்லை.
ஆனால் நேற்றும் இதுவேதான் மின்னியது,
நேற்றுச் சாலை காய்ந்து கிடந்ததாம்.
ஒன்பது மணிக்கு அறை நிறைந்திருக்கும்.
முன்வரிசையில் மோர்கனின் மனைவி இருப்பாள்.
தவிர, எனக்கு முன்னால்
கோழி ஏற்றிய லாரி ஒன்று
போய்க்கொண்டுதானே இருக்கிறது.

வைப்பரைப் போட்டேன்.
இரண்டாவது கியர்.