இருபது லிட்டர்

பெட்டியைக் கழற்றியாகிவிட்டது.
நான்கு போல்ட். கடைசியானது துருவில் இறுகிக் கிடந்தது.
அதற்குத் தேங்காய் எண்ணெயும்
ஒரு கெட்ட வார்த்தையும் செலவாயின.

ஆறு வருஷம் என் கப்சாய் மோட்டாரின் முதுகில்
அந்தக் கறுப்புப் பெட்டி.
காலியாகப் போனால் பூட்டு கடகடக்கும்.
நான் வருவது
தோட்டத்து நாய்களுக்கு முதலில் தெரியும்,
பிறகு லயத்துக்கே தெரியும்.

'பீடோரிலிருந்துதானே வர்ற சுலோ,
நாலு கிலோ மாவு.'
'அடுப்புக்கு ரப்பர் டியூப், ஒரு கஜம்.'
'கோயில் கமிட்டி நோட்டீஸ், இருநூறு.'
திரும்பும்போது ஒருமுறை உயிரோடு ஒரு சேவல்:
மூடியில் கால் அங்குலம் இடைவெளி விட்டு
பதினெட்டுக் கிலோமீட்டர்,
செம்பனை வரிசைகளுக்கு நடுவே
என் முதுகுக்குப் பின்னால் அது கூவிக்கொண்டே வந்தது.
நாற்பத்தைந்து லிட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு
இடமில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஆ செங் கடைக்கு
என் சாமான்களை மாவுச் சாக்கில் கட்டிப் போனேன்.
மழைக்கோட்டு மேலும் கீழும்,
இரும்பு மூக்கு வைத்த ஆலைச் சப்பாத்து,
சாப்பாட்டு டப்பா, துண்டு, பங்க்சர் பசை.
தரையில் பரப்பி
ஒவ்வொரு பையாகத் திணித்துப் பார்த்தேன்.
தவுக்கே கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு
வேடிக்கை பார்க்க வந்தார்.

காந்தம் வைத்த பை ஒன்று, டேங்கில் ஒட்டுவதாம்.
கப்சாய்க்கு டேங்க் சீட்டுக்கு அடியில்.
முன்னால் இருப்பது பிளாஸ்டிக்;
காந்தம் வழுக்கிக்கொண்டு காலில் விழுந்தது.

இரண்டு பக்கமும் தொங்கும் ஜோடிப் பை அழகுதான்.
ஆனால் வலப்பக்கம் புகைக்குழாய்.
பாய்லர் பக்கம் வேலை செய்யும் குணாளனுக்கு
போன வருஷம் அப்படித்தான் உருகியது.
அவன் மகளின் பிறப்புப் பத்திரத்தில்
இன்னமும் பழுப்பாய் ஒரு வட்டம்.

முதுகுப்பை வேண்டவே வேண்டாம்.
எட்டு மணி நேரம் நின்றபடி
எண்ணெயில் அமிலம் அளக்கும் முதுகு இது.

கடைசியில், வாயைச் சுருட்டிக் கட்டும் பை.
ஜிப்பு கிடையாது. மூன்று சுருட்டு, இரண்டு பக்கிள்.
காசைக் கொடுத்து ரசீதை உள்ளே போட்டுச் சுருட்டி
தவுக்கேயிடம் குழாய் கேட்டேன்.
கடை வாசலில் வைத்து
நாலு மணி மழை மாதிரி அடித்தேன்.
திறந்தால் மை கலையவில்லை:
எழுபத்தெட்டு ரிங்கிட், தெளிவாக.
தவுக்கே முகத்தில் கொஞ்சம் வருத்தம்,
விலையைக் குறைத்துவிட்டோமோ என்று.

வாரின் தொங்கல் நுனிகளை ரப்பரால் சுருட்டிக் கட்டினேன்;
சங்கிலி எதைக் கொடுத்தாலும் தின்னும்.
பின் சீட்டை முழுதாகப் பிடித்துக்கொண்டது பை.
ஆள் ஏற முடியாது.
பார்த்துத்தான் வாங்கினேன்.

திங்கட்கிழமை,
கையில் மூட்டையோடு வாசலுக்கு வந்த அமிர்தவல்லி அக்கா
மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.
'இதுல ஒண்ணும் கொள்ளாதே?'
'கொள்ளாது அக்கா.'
பொய் சொல்லாமலே தப்பித்தது
அன்றைக்குத்தான்.
மூட்டைக்குள் என்ன என்று
சாலை முழுக்க யோசித்துக்கொண்டு போனது
வேறு விஷயம்.

ஞாயிறு தெலுக் இந்தான் போனேன்.
ஒரு போத்தல் தண்ணீர், துண்டு,
நாசி லெமாக் பொட்டலம் இரண்டு.
இரண்டும் எனக்குத்தான்.
ஆற்றங்கரையில் இரண்டையும் தின்று முடித்ததும்
பை இளைத்துவிட்டது.
மூன்று சுருட்டு ஐந்தானது.
பெட்டி இப்படி ஒருநாளும் இளைத்ததில்லை,
உள்ளே காற்று மட்டும் இருந்தாலும்
அதே அகலத்தில்தான் வரும்.

திரும்பும் வழியில் பீடோர்க் கடையில் கொய்யா.
ஒரு கிலோ என்று சொல்லிவிட்டு
பையைத் தொட்டுப் பார்த்து
இரண்டாக்கினேன்.
சுருட்டு மறுபடி மூன்று.

அக்கா வீட்டு கேட்டில் நிறுத்தியபோது
மழை பிடித்துக்கொண்டது.
பக்கிளைத் திறக்கவா,
மழை விடட்டும் என்று இருக்கவா?

உள்ளே விளக்குப் போட்டார்கள்.
இந்தப் பைக்குச் சத்தம் இல்லை,
நான் வந்திருப்பது அவருக்குத் தெரியாது.