தென்வாய்

லெர்விக் துறைமுகத்துக்கு இரண்டு வாய்.
வடக்கு வாயில் மீன்படகுகள்.
தெற்கு வாயில் மற்ற எல்லாரும்.
எனக்கு அப்போது நான்கு வயது. மார்ச் மாதம்.
அப்பாவின் கோட்டுக்குள் வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தேன்.
கப்பல் நுழைந்த வாயே என் பெயரில் ஒட்டிக்கொண்டது:
தென்வாய்க்காரி.

வசவு இல்லை அது.
ஷெட்லாந்தில் யாரும் அதைக் கோபமாகச் சொல்லிக் கேட்டதில்லை.
ரொட்டிக் கடையில், தேவாலயப் படியில்,
காற்று எந்தப் பக்கம் என்று கேட்கிற அதே குரலில்தான்
"ஹெஸ்டர் நல்ல பொண்ணு, தென்வாய்க்காரின்னாலும்."

அந்த 'னாலும்'.
ஆட்டிறைச்சி தின்று முடித்த பிறகும்
பல்லிடுக்கை விட்டுப் போகாத நார் மாதிரி
நாக்கு அதையே போய்ப் போய்த் தொட்டது.

பத்து வயதில் குளியலறைக் கண்ணாடி முன்னால்
வாயைத் திருத்திக்கொண்டேன்.
மெல்லினமாக வரவேண்டிய இடத்தில் 'ட' போட்டேன்,
கடைசி அசையை அவர்கள் போலவே விழுங்கினேன்.
அந்தக் கோடையில் ஹல்லுக்குப் போனபோது
சித்தி பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்:
"இங்க பாரு, தீவுக்காரி!"
திரும்பும் கப்பலில் இரவு முழுக்கத் தூங்கவில்லை.
எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும்
ஏதோ ஒரு 'க்காரி' குத்தியது.

பிறகு முப்பத்தியொரு வருடம் தபால்.
'சிவப்புக் கதவு, மேட்டுப் பாதை முடிவு' என்று மட்டும் எழுதி வந்த
உறைகளைக் கொண்டு சேர்த்திருக்கிறேன்.
'இந்த முகவரியில் இல்லை' சீட்டை
எச்சில் தொட்டு ஒட்டியிருக்கிறேன்.
டாவி இஸ்பிஸ்டரின் மூட்டுவலி மாத்திரை
எந்தக் கிழமை வரும் என்பது
டாவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.
அவர் இறந்தபோது சவப்பெட்டியை இறக்க
எட்டுப் பேருக்கு எட்டுக் கயிறு.
ஆறாவது அட்டையில் என் பெயர் இருந்தது,
பெயர் மட்டும்.
ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தபடி வழுக்கி இறங்கியது.
போதும் என்று நினைத்தேன், இது போதும்.
மண்டபத்தில் டீ ஊற்றியபோது
டாவியின் தங்கை சத்தமாக, அன்பாக:
"தென்வாய்க்காரிக்கு முதல்ல குடுங்கப்பா,
நடுங்கிட்டிருக்கா."

போன அக்டோபரில்
பழைய படகுக்கொட்டகைக்குப் பின்னால்
காலியாகக் கிடந்த வீட்டில் விளக்கு எரிந்தது.
எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த மேக்னி கேட்டான்,
"அங்க யாரு வந்திருக்கா?"
"யாரோ தென்வாய்க்காரி. சால்மன் தொழிற்சாலையில வேலையாம்."

நான்தான் சொன்னேன்.

மேக்னி சிரிக்கவில்லை, புருவம்கூடத் தூக்கவில்லை.
"ம்" என்று தலையாட்டினான்,
தன் அண்ணனிடம் ஆட்டுவது போல.
ஐம்பத்துநான்கு வருடமாக
நான் வாசலில் நின்று காத்திருந்த தலையாட்டல்.
சொல்லவே வெட்கமாக இருக்கிறது,
வயிற்றில் சூடாக ஏதோ இறங்கியது, நல்ல சூப் மாதிரி.
வேனில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான்
அதன் கசப்பு மேலே வந்தது.

அவள் பெயர் ஜிந்த்ரா. லாட்வியாக்காரி,
பார்த்தீர்களா, மறுபடியும்.
லாட்வியாவில் பிறந்தவள் என்று வைத்துக்கொள்வோம்.
விமானத்தில் வந்து சம்பரோவில் இறங்கினாளாம்.
தெற்கு வாயை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.
அவள் இந்தத் தீவுக்குள் நுழைந்த வாய்
என்னுடையது.

வியாழக்கிழமை அவளுக்கொரு பார்சல்.
பெயரில் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது.
பேனாவால் திருத்திவிட்டுக் கதவைத் தட்டினேன்.
கையில் மாவு, காதோரம் முடிக்கிளிப்,
உள்ளே எதுவோ கருகும் வாசனை.
பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.
மூன்று முறை சொல்லிக் காட்டினாள்,
மூன்று முறையும் நான் தப்பாகச் சொன்னேன்,
பரவாயில்லை என்று சிரித்தாள்.
அந்தப் 'பரவாயில்லை'யை எனக்குத் தெரியும்.

பிறகு, வாசலில் சாய்ந்துகொண்டு,
மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து:
"நீங்க... இந்த ஊரா?"

மழை தூற ஆரம்பித்திருந்தது.
"இங்கே ஒரு கையெழுத்து," என்றேன்.