நான்காவது பிளக்

ருஸ்தாவி, ஏழாம் பகுதி, கட்டடத்தின் பின்முற்றம்.
பழைய லாடாவின் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்திருக்கிறேன்.
மூன்று பிளக்குகள் வந்துவிட்டன,
முனகிக்கொண்டு, ஆனாலும் வந்துவிட்டன.
ஒன்று கரி. ஒன்று காப்பி நிறம்.
மூன்றாவதின் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு;
அதற்கு இன்னொரு நாள் அழ வேண்டும்.

நான்காவது அசையவில்லை.

போலந்துக்கு பஸ் ஏறுவதற்கு முந்தைய நாள்
ஸாஸா இறுக்கியது அது.
எதையும் அவன் அப்படித்தான்:
ஊறுகாய் ஜாடி, சமையலறைக் குழாய்,
குளிருக்கு அடைத்த ஜன்னல்
(இந்த மே மாதம்வரை திறக்கவில்லை).

மூன்றாம் மாடி நுக்ஸார் பால்கனியிலிருந்து கத்துகிறார்:
"பைப்பை மாட்டி ஒரே இழு, லமாரா!"
இழுத்தால் பாதி என் கையில், பாதி இன்ஜினில்.
அலுமினியம் கோபித்துக்கொண்டால்
மரையையும் பிய்த்துக் கையில் கொடுத்துவிடும்.

மண்ணெண்ணெயில் கொஞ்சம் கியர் ஆயில் கலந்து
பள்ளத்தில் ஊற்றிவிட்டு
இரவு ஷிப்டுக்குப் போனேன்.
எலும்பு வார்டு. பதினொரு கட்டில்.

காலையில், ரொட்டியை வாயில் கவ்வியபடி,
முதலில் இறுக்கும் பக்கமாக, மயிரிழை.
பிறகு இந்தப் பக்கம்.
மறுபடி அந்தப் பக்கம்.

டிக்.

மூச்சை விடவில்லை.
மூட்டு விலகினாலும், கூடினாலும்
இதே சத்தம்தான்.

வந்தது. முழுசாக.
துருவேறி, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாமல்.

மாலையில் போனில் கேட்டான், "ரொம்ப இறுக்கமா இருந்ததா?"
"இல்லை" என்றேன்.

புதியதற்கு செம்பு கிரீஸ் தடவி
விரலால் திருகி, ஸ்பானரில் கால் சுற்று,
அவ்வளவே.
அடுத்த முறை கழற்றப்போவதும்
நான்தானே.