இரண்டாம் திரை

பூன் லே நிலையத்தில்
அவன் உள்ளே, நான் வெளியே.
அட்டையைத் தட்டி வெளியேறினால்
மறுபடி நுழையக் காசு பிடிக்கும் என்று
தடுப்புக்கு மேலாகவே நீட்டினான்
காலுறைக்குள் சுருட்டிய கேமராவை.
நூற்றுப்பத்து வெள்ளி.
அவன் பெயர் டெரிக் என்பதே
பணம் அனுப்பும்போதுதான் தெரிந்தது.
"எல்லா வேகமும் வேலை செய்யுது"
என்றான், மேலே வரும் ரயிலுக்குக் காது கொடுத்தபடி.

பேட்டரி கிடையாது. எடை இருந்தது.
அடித்தட்டில் ஊசியால் கீறிய
அடையாள அட்டை எண் ஒன்று:
எஸ், அப்புறம் ஏழு இலக்கங்கள்.
கடைசி எழுத்து மட்டும்
யாருடைய உள்ளங்கையிலோ தேய்ந்துபோயிருந்தது.
டெரிக்கிடம் கேட்டு எழுதினேன்.
"எனக்கும் அப்படித்தான் வந்தது."

என் வேலை நடைமேடைக் கதவுகள்.
ரயில் ஓய்ந்த பிறகு, ராத்திரி ஒன்றரைக்கு மேல்
ஒவ்வொன்றாய்த் திறந்து மூடி
நொடி எண்ணிக் குறித்துவைப்பவன்.
அதனால்
பின்மூடியைத் திறந்துவைத்து
ஃபிலிம் இல்லாமல் பொத்தானை அழுத்தியபோது
சட்டென்று புரிந்துவிட்டது.
இதுவும் கதவுதான்.
முதல் திரை ஓடுகிறது,
இரண்டாம் திரை துரத்துகிறது,
இடையில் இருக்கும் சந்தில்
வெளிச்சம் ஏறிக்கொள்கிறது.

முதல் சுருள், முப்பத்தாறு படம்.
வெயிலில் எடுத்த எல்லாவற்றிலும்
ஓரமாய் ஒரு கரும்பட்டை.
வைதேகி ஐந்து படங்களில்
சரியாக அந்தப் பக்கமே நின்றிருக்கிறாள்.
"நல்லவேளை, கை வந்திருக்கு" என்றாள்.
இரண்டாம் திரை பாதி வழியில்
முதலாவதைப் பிடித்துவிட்டிருந்தது.

தோ பாயோ, பன்னிரண்டாம் மாடி.
ஹயாத்தியின் சாப்பாட்டு மேசையில்
ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் திருகாணிகள்.
கீலாய் உருகிப்போன நுரைப்பட்டையை
பல்குத்தும் குச்சியால் வழித்தெடுத்தாள்.
லென்சுக்குள் பூஞ்சை, சிலந்தி பின்னியதுபோல.
"நம்ம ஊர்க் காத்து, அபாங்.
யாரையும் திட்ட முடியாது."
வேகமானியில் வைத்துக் காட்டினாள்:
ஒரு நொடி என்று பொறித்த இடத்தில்
ஒன்று புள்ளி ஆறு.
என் கதவு இப்படி மூடினால்
விளக்கக் கடிதம் எழுதவேண்டும் நான்.

கூலி நூற்றெண்பது.
வாங்கிய விலையைச் சொன்னேன்.
சிரிக்காமல் ரசீது கிழித்தாள்.
"அடியில் இருக்கும் நம்பரைத் தேய்ச்சு எடுத்திடவா?
அதுக்குக் காசு வேண்டாம்."

அந்த ஏழு இலக்கங்களைப்
பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால்
கடைசி எழுத்து வந்துவிடும்.
ரயிலிலேயே போட்டுப் பார்த்திருந்தேன்.
எழுத்து தெரியும். ஆள் தெரியாது.
"இருக்கட்டும்" என்றேன்.

ஆறு வாரம்.
இப்போது ஒரு நொடி
ஒரு நொடியில் முடிகிறது.
வைதேகிதான் இன்னும்
சட்டத்தின் நட்டநடுவில் வந்து நிற்கிறாள்.
"ஓரத்துக்குப் போ, சரியாயிடுச்சு."
"முதல்ல நீங்க நின்னு காட்டுங்க."

கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டு
ஓரத்தில் போய் நிற்கிறேன்.
எண்ணைப் பொத்திக்கொண்டு
அவள் உள்ளங்கை.
இன்னும் அழுத்தவில்லை.